செட் ஸ்கிரிப்டில் 10*10, (சிவப்பு), [பழைய] எதுவுமே ஒழுங்காக மாறவில்லை: எஸ்கேப் எங்கே, எப்படி?

ஆத்தங்குடி_ஸ்டாக்

அண்ணன்மாருக்கும் ஆச்சிமாருக்கும் வணக்கம். ஆத்தங்குடி டைல் பட்டறை ஒன்றின் இருப்புப் பட்டியல் டெக்ஸ்ட் ஃபைலாக இருக்கிறது. அதில் பெயர், அளவு, நிறம் மூன்றையும் புது முறைக்கு மாற்ற வேண்டும். இன்னொரு ஃபைலில் வரிக்கு ஒன்றாகப் பழைய பெயர், ஒரு டேப், புதுப் பெயர் என்று எழுதி வைத்திருக்கிறது. பாஷ் லூப் அதை வரி வரியாகப் படித்து, டபுள் கோட்ஸுக்குள் செட் (sed, டெக்ஸ்டைத் தேடி மாற்றும் கருவி) கமாண்டில் இரண்டு வேரியபிளையும் செருகி மாற்றுகிறது. செட்டுக்கு மைனஸ் பெரிய ஈ கொடுத்திருக்கிறேன், எஸ் கமாண்டின் கடைசியில் ஜி. உபுண்டு.

பட்டியல் வரிகள் இப்படி:

    பூ டைல் 10*10 (சிவப்பு) | ரூ.45.00 | [பழைய] | குடோன் 2/ரேக் 3
    வாசல் பார்டர் 8*8 (பச்சை+மஞ்சள்) | ரூ.110.00 | குடோன் 1/ரேக் 7
    கொடி டைல் 8*8 (கருப்பு வெள்ளை) | ரூ.52.50 | குடோன் 2/ரேக் 1

நடப்பது:

`10*10` என்பதை `10×10` ஆக்கச் சொன்னால் முதல் வரி அப்படியே இருக்கிறது. ஆனால் இரண்டாம் வரியில் விலை `ரூ.10×10.00` ஆகிவிட்டது.

`(சிவப்பு)` என்பதை `(கருஞ்சிவப்பு)` ஆக்கினால் `((கருஞ்சிவப்பு))` என்று இரட்டை அடைப்பு வருகிறது.

`[பழைய]` என்பதை எடுத்துவிடச் சொன்னால் ஃபைல் முழுக்கச் சிதைகிறது. `பச்சை` என்பது `ச்ச` ஆகிறது, `டைல்` என்பது `டல்` ஆகிறது, `பூ` இருந்த இடத்தில் புள்ளி வட்டத்தோடு வெறும் கொம்பு நிற்கிறது.

`கருப்பு வெள்ளை` என்பதை `கருப்பு & வெள்ளை` ஆக்கினால் `கருப்பு கருப்பு வெள்ளை வெள்ளை`.

குடோன் பெயரை மாற்றும் வரியில் 'எஸ்ஸுக்குத் தெரியாத ஆப்ஷன்' என்று செட் நின்றுவிடுகிறது.

எந்தெந்தக் குறிக்கு முன்னால் பேக்ஸ்லாஷ் போட வேண்டும் என்று சொன்னால் போதும்.

---

ரஸ்தா_ரூட்

தம்பி, பட்டியல் மட்டும் கொடுத்தா அடுத்த ஸ்கிரிப்ட்ல மறுபடி இங்கேதான் வந்து நிப்பீங்க. நீங்க எழுதுற ஒரே எழுத்தை மூணு பேர் வரிசையா படிக்கிறாங்க. முதல்ல பாஷ், அடுத்து செட்டோட எஸ் கமாண்டு, கடைசியா ரெகெக்ஸ் எஞ்சின், அதாவது தேடல் பேட்டர்னைப் பொருத்திப் பார்க்கிற பகுதி. ஒவ்வொருத்தருக்கும் வேற வேற குறி சிறப்புக் குறி. உங்க அஞ்சு கோளாறும் இவங்கள்ல யாரோ ஒருத்தர் பண்ணது.

`10*10`: ஸ்டாருக்குத் தன்னளவில் உருவம் கிடையாது. முன்னால நிக்கிற ஒரே ஒரு எழுத்தைப் பிடிச்சுக்கிட்டு, இது இல்லாமலும் இருக்கலாம், எத்தனை தடவை வேணும்னாலும் வரலாம்னு சொல்லும். ஆக உங்க பேட்டர்ன் கேக்குறது ஒரு 1, பிறகு எத்தனையோ 0, பிறகு ஒரு 1, ஒரு 0. இதுக்கு 110 பொருந்தும், 1010 பொருந்தும், 10010 பொருந்தும். நடுவில நட்சத்திரம் இருக்கிற `10*10` மட்டும் பொருந்தவே பொருந்தாது. விலை 110 அடி வாங்கினது இதனாலதான்.

`[பழைய]`: சதுர அடைப்பு வந்தா 'இதுக்குள்ள இருக்கிற எழுத்துகள்ல ஏதாவது ஒண்ணு'ன்னு அர்த்தம். உள்ளே இருக்கிறது நாலு: ப, ழ, ஐகாரக் குறி, ய. ஜி வேற போட்டதால ஃபைல்ல எங்கெங்க ப இருக்கோ, எங்கெங்க ஐகாரக் குறி இருக்கோ எல்லாம் போயிருக்கு. `பூ`வுக்குள்ள இருந்த ப போனதால ஊகாரக் குறி அனாதையா நிக்குது.

`(சிவப்பு)`: இது மைனஸ் பெரிய ஈ பண்ணின வேலை. அந்த ஆப்ஷன் இருந்தா வளைவு அடைப்பு குரூப் ஆயிடும், எழுத்தா கணக்கில வராது. உள்ளே இருக்கிற `சிவப்பு` மட்டும் மாறி, பழைய அடைப்பு வெளியில அப்படியே நிக்கும். அதே ஃபைல் மேல ஸ்கிரிப்டை ரெண்டாம் தடவை ஓட்டினீங்கன்னா `((கருஞ்(கருஞ்சிவப்பு)))` ஆகும். ஓட்டாதீங்க, பேக்கப்ல இருந்து எடுங்க.

`(பச்சை+மஞ்சள்)` இன்னும் மாத்தலை போல. மாத்தினா அதுவும் சிக்கும். எக்ஸ்டெண்டெட்ல (மைனஸ் பெரிய ஈ போட்டா வர்ற வகை) ப்ளஸ் 'முன்னால உள்ளது ஒண்ணோ அதுக்கு மேலயோ'. முன்னால உள்ளது வெறும் ஐகாரக் குறி. ப்ளஸ் குறியை அது தேடவே தேடாது.

ஸ்லாஷ் கோளாறு ரெகெக்ஸ் சம்பந்தப்பட்டதே இல்லை. எஸ் கமாண்டு தன்னோட மூணு பகுதியை ஸ்லாஷால பிரிக்குது. `குடோன் 2/ரேக் 3`ல இருக்கிற ஸ்லாஷைப் பார்த்ததும் தேடல் முடிஞ்சதுன்னு நெனைச்சு `ரேக் 3` என்பதை மாற்றுப் பகுதியா எடுத்துக்குது. அடுத்த ஸ்லாஷுக்குப் பின்னால வர்ற புதுப் பேரை ஆப்ஷன்னு படிச்சு முழிக்குது.

`&` மாற்றுப் பகுதிக்கு மட்டும் சிறப்பு: 'பொருந்தின முழுத் துண்டும் இங்கே வரட்டும்'.

இப்ப வகைக்கு வருவோம். செட்டும், வரிகளைத் தேடிக் காட்டுற கிரெப்பும் ரெண்டு வகை ரெகெக்ஸ் பேசும். பேசிக் வகையில சிறப்பா இருக்கிறது இந்த ஆறுதான்:

    .  *  [  \  ^  $

இதிலயும் `^` தொடக்கத்தில இருந்தாத்தான் சிறப்பு, `$` கடைசியில இருந்தாத்தான். மத்த இடத்தில எஸ்கேப் பண்ணி வச்சாலும் தப்பில்லை. எக்ஸ்டெண்டெட் வகையில இந்த ஆறோட இதுவும் சேரும்:

    +  ?  (  )  {  |

உங்க பட்டியல்ல நெடுங்கோடு வேற பிரிப்பானா இருக்கு. எக்ஸ்டெண்டெட்ல `டைல் | ரூ`ன்னு தேடினா 'டைல் அல்லது ரூ' ஆயிடும். கென் தாம்சன் காலத்து கிரெப்ல வளைவு அடைப்பு வெறும் எழுத்து. ஆல்ஃபிரட் ஏஹோவோட ஈகிரெப் அதுக்கு வேற அர்த்தம் கொடுத்துச்சு. 1992ல யூனிக்ஸ் கருவிகளுக்கான போசிக்ஸ் தரம் எழுதினவங்க ரெண்டையுமே வச்சுக்கிட்டாங்க. அந்த வம்பைத்தான் இன்னிக்கும் சுமக்கிறோம்.

உங்க வேலைக்குக் குரூப்பும் வேண்டாம், 'அல்லது'வும் வேண்டாம். மைனஸ் பெரிய ஈயை முதல்ல தூக்குங்க. பாதிப் பிரச்சினை அதோட தீரும்.

---

கண்டனூர்_டெர்மினல்

எதுக்கு இவ்வளவு? எழுத்தும் எண்ணும் தவிர எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு பேக்ஸ்லாஷ் போட்டு விட்டா முடிஞ்சது. கூடுதலா போட்டா ஒண்ணும் ஆகாது.

---

புதுவயல்_ஆச்சி

கூடுதலாப் போட்டா ஆகும் தம்பி. பெர்ல், பைதான்ல நீங்க சொல்றது செல்லும். அங்கே குறிக்கு முன்னால பேக்ஸ்லாஷ் போட்டா அது எப்பவும் வெறும் குறிதான். பேசிக் ரெகெக்ஸ்ல நேர் எதிர். அங்கே வெறும் `(` எழுத்து, `\(` போட்டாத்தான் குரூப். `\{` எண்ணிக்கை. குனூ செட்ல `\+`, `\?`, `\|` மூணுக்கும் சிறப்பு அர்த்தம் உண்டு. `\<` சொல் தொடக்கம். நீங்க சொன்னபடி `\(சிவப்பு\)`ன்னு எழுதினா, மைனஸ் பெரிய ஈ இல்லாமலே அதே இரட்டை அடைப்பு திரும்ப வரும்.

கிரெப்பும் இதைச் சும்மா விடுறதில்லை. 2022ல வந்த 3.8 பதிப்பிலிருந்து தேவையில்லாத இடத்தில பேக்ஸ்லாஷ் கண்டா எச்சரிக்கை காட்டுது. அதே பதிப்பிலதான் ஈகிரெப், எஃப்கிரெப்னு கூப்பிட்டா, இனிமே மைனஸ் பெரிய ஈ, மைனஸ் பெரிய எஃப்னு எழுதுங்கன்னும் சொல்ல ஆரம்பிச்சது.

ஸ்டாக் தம்பிக்கு: கையால ஒவ்வொரு வரியா எஸ்கேப் பண்ண வேண்டாம். அந்த வேலையையும் செட்டையே செய்யச் சொல்லலாம். எழுத வேண்டிய தேடலையும் மாற்றையும் மட்டும் போடுறேன். எஸ் கமாண்டுக்கு இங்கே ஸ்லாஷுக்குப் பதிலா நெடுங்கோட்டைப் பிரிப்பானா வச்சுக்கங்க. எஸ்ஸுக்கு அடுத்து எந்தக் குறி வருதோ அதுதான் அந்தக் கமாண்டுக்குப் பிரிப்பான். சிங்கிள் கோட்ஸ், கடைசியில ஜி.

பழைய பெயர்களுக்கு:

    தேடல்:  [[\.*^$/]
    மாற்று: \\&

புதுப் பெயர்களுக்கு:

    தேடல்:  [\&/]
    மாற்று: \\&

முதல் தேடலைப் பிரிச்சுப் பாருங்க. வெளிச் சதுர அடைப்புக்குள்ள ஏழு குறி: `[`, `\`, `.`, `*`, `^`, `$`, `/`. அடைப்புக்குள்ள போயிட்டா எல்லாம் சாதுவாயிடும், பேக்ஸ்லாஷ் உட்பட. `^` மட்டும் முதல் எழுத்தா வரக் கூடாது, வந்தா 'இவை தவிர'ன்னு அர்த்தம் மாறும். மாற்றுல `\\` ஒரு நிஜ பேக்ஸ்லாஷ், `&` பொருந்தின குறி. கிடைக்கிறது:

    10\*10
    (சிவப்பு)
    \[பழைய]
    குடோன் 2\/ரேக் 3

அடைப்பை மூடுற `]`க்கு எஸ்கேப் தேவையில்லை. திறக்கிறதை அடக்கியாச்சுன்னா மூடுறது வெறும் எழுத்து.

புதுப் பெயருக்கு மேல உள்ள பெரிய பட்டியலைப் போட்டுடாதீங்க. மாற்றுப் பகுதி ரெகெக்ஸே கிடையாது. அங்கே புள்ளிக்கும் ஸ்டாருக்கும் அர்த்தமே இல்லை. `&`, `\`, பிரிப்பான் மூணுதான் அங்கே கடிக்கும். பேக்ஸ்லாஷோட எண் சேர்ந்தா குரூப்னு எடுத்துக்கும்.

இன்னொண்ணு. எஸ்கேப் பண்ணிட்டா எல்லை கிடைச்சிடாது. `ரூ\.45` சரியாத்தான் இருக்கு, ஆனா `ரூ.450`யோட முதல் பாதியிலயும் பொருந்தும். விலையைத் தொடுற வரிகள்ல பின்னால வர்ற இடைவெளியையும் நெடுங்கோட்டையும் சேர்த்தே எழுதுங்க: `ரூ\.45\.00 |`. மைனஸ் பெரிய ஈ போனதால இந்த நெடுங்கோடு வெறும் எழுத்து.

---

ரஸ்தா_ரூட்

ஆச்சி சொன்ன பேட்டர்னை டபுள் கோட்ஸ்ல போடுற ஆள் கட்டாயம் வருவாங்க, அதனால முன்கூட்டியே.

சிங்கிள் கோட்ஸுக்குள்ள பாஷ் எதையும் தொடாது. டபுள் கோட்ஸுக்குள்ள டாலர், பேக்டிக், டபுள் கோட், பேக்ஸ்லாஷ் நாலும் அதுக்குச் சொந்தம். அங்கே பேக்ஸ்லாஷோட நடத்தை ஒரே சீரா இருக்காது:

    எழுதுவது      செட்டுக்குப் போவது
    "\."          \.
    "\\"          \
    "\$"          $
    "\\\$"        \$
    கோட்ஸ் இல்லாமல் \.      .

முதல் வரி சும்மா விடுது, மூணாவது வரி கடிக்குது. `"\."` வேலை செஞ்சதைப் பார்த்துட்டு `"\$"`யும் செய்யும்னு நம்புறதாலதான் டாலர் மட்டும் வரிக் கடைசியைத் தேடிக்கிட்டுப் போகுது. ஏற்றுமதி விலை `$45`ன்னு டபுள் கோட்ஸ்ல எழுதினா இன்னும் மோசம். `$4` நாலாவது ஆர்குமென்ட், அது காலி. செட்டுக்குப் போய்ச் சேர்றது வெறும் `5`. ₹ குறிக்கு இந்தத் தொல்லை கிடையாது, ஷெல்லுக்கும் ரெகெக்ஸுக்கும் அது சாதாரண எழுத்து.

வேரியபிளுக்குள்ள இருக்கிற பேக்ஸ்லாஷைப் பத்திப் பயப்பட வேண்டாம். டபுள் கோட்ஸுக்குள்ள வேரியபிள் விரிஞ்ச பிறகு பாஷ் அந்த மதிப்பை மறுபடி படிக்காது. ஆனா உள்ளே வர்ற வழியில ஒரு ஓட்டை இருக்கு. லூப்ல ரீட் கமாண்டுக்கு மைனஸ் ஆர் இல்லைன்னா, அது வரியில உள்ள பேக்ஸ்லாஷை எல்லாம் தின்னுட்டுத்தான் கொடுக்கும். அதே மாதிரி எக்கோ சில ஷெல்ல பேக்ஸ்லாஷை விரிக்கும், சிலதுல விரிக்காது. பிரிண்ட்எஃப்ல சதவீதம் எஸ் போட்டு அனுப்புங்க.

இதையெல்லாம் விட நல்ல வழி, லூப்பையே தூக்குறது. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு செட் ஓட்டி ஃபைல் முழுக்க மறுபடி மறுபடி எழுதுறது வீண் வேலை. இப்படிச் செய்ங்க:

கட் கமாண்டால முதல் பத்தியை ஒரு ஃபைலாவும் ரெண்டாம் பத்தியை இன்னொரு ஃபைலாவும் பிரிங்க. முதலாவதுக்கு ஆச்சியோட தேடல் எஸ்கேப், ரெண்டாவதுக்கு மாற்று எஸ்கேப். பேஸ்ட் கமாண்டுக்குப் பிரிப்பானா ஸ்லாஷ் கொடுத்து ரெண்டையும் ஒட்டுங்க. `10\*10/10×10`னு வரிகள் கிடைக்கும். கடைசியா ஒவ்வொரு வரியோட முன்னாலயும் எஸ்ஸும் ஸ்லாஷும், பின்னால ஸ்லாஷும் ஜியும் சேருங்க. தேடல் `.*`, மாற்றுல நடுவில `&` வச்சா போதும். இப்ப அது ஒரு முழு செட் ஸ்கிரிப்ட் ஃபைல். மைனஸ் சின்ன எஃப் கொடுத்து ஒரே ஓட்டம். ஃபைல்ல இருந்து படிக்கும்போது பாஷ் நடுவில வராது, படிக்கிற மூணு பேர்ல ஒருத்தர் கழிஞ்சார்.

மைனஸ் ஐ போட்டு நேரடியா ஃபைலை மாத்துறதா இருந்தா அதோட ஒட்டி ஒரு பேக்கப் பின்னொட்டு கொடுங்க. மேக்ல அந்தப் பின்னொட்டைத் தனியா, காலியாவாவது கொடுத்தே ஆகணும். இல்லைன்னா அடுத்த ஆர்குமென்டைப் பின்னொட்டுன்னு எடுத்துக்கும்.

---

கண்டனூர்_டெர்மினல்

ஆச்சி, சதுர அடைப்புக்குள்ள எல்லாம் சாதுன்னா, பேக்ஸ்லாஷே வேண்டாமே. `[.]`, `[*]`னு எழுதிட்டா போச்சு?

---

புதுவயல்_ஆச்சி

தாராளமா. கையால எழுதுற பேட்டர்னுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். `10[*]10` பேசிக்லயும் எக்ஸ்டெண்டெட்லயும் பைதான்லயும் ஒரே மாதிரி ஓடும், டபுள் கோட்ஸும் தொடாது. கண்ணுக்கும் தெளிவு. `^`க்கு இந்த வித்தை ஆகாது.

அடைப்புக்குள்ள மூணு சுழி இருக்கு. செட், கிரெப்ல `[\.]`னு எழுதினா புள்ளி மட்டுமில்ல, பேக்ஸ்லாஷும் பொருந்தும். பைதான்ல அதே எழுத்து புள்ளியை மட்டும் குறிக்கும். `]` வேணும்னா முதல் எழுத்தா வைக்கணும்: `[]).]`. ஹைஃபன் வேணும்னா கடைசியில வைங்க. விலைக்குறிகளைப் பிடிக்க `[.-₹]`னு எழுதினா அது 'புள்ளியில இருந்து ₹ வரைக்கும்'. யூனிகோட் வரிசையில தமிழ் எழுத்து அத்தனையும் அந்த ரெண்டுக்கும் நடுவிலதான் இருக்கு. பைதான்ல ஃபைல் முழுக்கப் பொருந்தி நிக்கும். `[.₹-]` சரி.

---

ஆத்தங்குடி_ஸ்டாக்

செட் ஸ்கிரிப்ட் ஃபைலாக ஆக்கி ஓட்டியாயிற்று. 10×10 சரி, அடைப்புகள் சரி, குடோனும் சரி. இரண்டு மிச்சம்.

ஒன்று, வரியின் நடுவில் மாறிய பெயரும் அதற்கு முன்னால் இருப்பதும் டெர்மினலில் தெரியவில்லை. வரியே ` (கருஞ்சிவப்பு) | ரூ.45.00` என்று தொடங்குவதுபோல் இருக்கிறது. இரண்டு, `கொடி டைல்` என்று இருக்கும் வரிகளில் பாதி மாறுகின்றன, பாதி மாறவில்லை. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. அதில் எஸ்கேப் பண்ண வேண்டிய குறியே இல்லை.

---

பள்ளத்தூர்_பைதான்

ரெண்டுமே எஸ்கேப் கோளாறு இல்லை.

முதலாவது விண்டோஸ் வரி முடிவு. பெயர் ஜோடி ஃபைலை நோட்பேட்ல சேமிச்சிருப்பீங்க. ஒவ்வொரு வரிக் கடைசியிலயும் நியூலைனுக்கு முன்னால கேரேஜ் ரிட்டர்ன் ஒண்ணு ஒட்டியிருக்கு. ரெண்டாம் பத்தி வரியோட கடைசிங்கிறதால அது புதுப் பெயரோட வால்ல தொங்கிக்கிட்டு பட்டியலுக்குள்ள போயிடுச்சு. டெர்மினல் அதைப் பார்த்ததும் வரி தொடக்கத்துக்குப் போய் மேலயே எழுதுது. பெயர் எங்கேயும் போகலை, மூடிக்கிட்டு இருக்கு. கேட் கமாண்டுக்கு மைனஸ் பெரிய ஏ கொடுத்துப் பாருங்க. தமிழ் எழுத்தெல்லாம் வாயில நுழையாத குறியா வரும், அதை விட்டுட்டு வரிக் கடைசியில டாலருக்கு முன்னால கேரட்டும் எம்மும் இருக்கான்னு மட்டும் பாருங்க. டாஸ்டூயூனிக்ஸ் ஒரு தடவை ஓட்டினா போகும். பட்டியல் ஃபைலுக்கும் ஓட்டுங்க. அதிலயும் இருந்தா `$` போட்ட பேட்டர்ன் எதுவும் பொருந்தாது. முதல் வரி மட்டும் `^`க்குப் பிடி கொடுக்கலைன்னா ஃபைல் தொடக்கத்தில பாம்னு கண்ணுக்குத் தெரியாத ஒரு யூனிகோட் குறி இருக்கலாம். எக்செல்ல 'யூனிகோட் டெக்ஸ்ட்'னு சேமிச்சா யூடிஎஃப்-16 ஆயிடும், அதில செட் எந்தத் தமிழ்ச் சொல்லையும் கண்டுபிடிக்காது.

ரெண்டாவதுதான் தமிழ்ல வேலை செய்யுற எல்லாரும் ஒரு நாள் முட்டிக்கிற சுவர். `கொ` ரெண்டு விதமா ஃபைல்ல இருக்கலாம். க, அதோட ஒகரக் குறி ஒரே எழுத்தா. இல்லைன்னா க, எகரக் கொம்பு, பின்னால கால், தனித்தனியா. திரையில ரெண்டும் ஒண்ணு. பைட் கணக்குல வேற. செட் பைட்டைத்தான் ஒப்பிடும். கோ, கௌ வகைக்கும் இதே கதை. பழைய ஃபான்ட்ல இருந்து கன்வெர்ட்டர் வழியா வந்த வரியும், இப்ப கீபோர்ட்ல அடிச்ச வரியும் ஒரே பட்டியல்ல கலந்தா இப்படித்தான் ஆகும். ரெண்டு ஃபைலையும் என்எஃப்சிக்கு, அதாவது இப்படிப்பட்ட குறியை ஒரே எழுத்தா சேர்த்து வைக்கிற யூனிகோட் வடிவத்துக்கு, கொண்டு வாங்க. யூகான்வ் கமாண்டு செய்யும், பைதான்ல யூனிகோட்டேட்டா மாட்யூலோட நார்மலைஸ் செய்யும். ஒண்ணை மட்டும் செஞ்சா நிலைமை இன்னும் கெடும்.

என்எஃப்சியும் தீர்க்காத ஒண்ணு `ஸ்ரீ`. கிரந்த ஸ வழியாவும் எழுதலாம், இன்னொரு கிரந்த எழுத்தான ஶ வழியாவும் எழுதலாம். பல ஃபான்ட்ல ரெண்டும் ஒரே உருவம், யூனிகோட் ரெண்டையும் வேற சொல்லாத்தான் வச்சிருக்கு. கடைப் பேர்ல ஸ்ரீ இருந்தா ரெண்டு வடிவத்துக்கும் தனித்தனி வரி போடுங்க.

எஸ்கேப்போட ஒட்டின இன்னொரு தமிழ்ப் பொறி: புள்ளி ஒரு எழுத்தைப் பிடிக்கும்னு சொல்றோம், அது யூனிகோட் கணக்குல ஒரு எழுத்து. `பூ` அதுக்கு ரெண்டு. லொகேல் (மொழி அமைப்பு) சி-யா இருந்தா புள்ளி ஒரு பைட்டைத்தான் பிடிக்கும், தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் யூடிஎஃப்-8ல மூணு பைட். அப்ப `பூ` ஆறு புள்ளி. அதே மாதிரி `[கி]`ன்னா 'கி' இல்லை, க அல்லது இகரக் குறி. அதனால தமிழ் எழுத்துகளைச் சதுர அடைப்புக்குள்ள போடவே போடாதீங்க, எக்ஸ்டெண்டெட்ல `(கி|சி|டி)`ன்னு எழுதுங்க. பைதானோட ரீ மாட்யூல்ல பேக்ஸ்லாஷ் டபிள்யூ உயிர்மெய்க் குறியையும் மேல் புள்ளியையும் எழுத்துன்னு ஏத்துக்காது. சொல்லெல்லை பார்க்கிற பேக்ஸ்லாஷ் பி-யும் அதனாலதான் ஒரு சொல்லோட நடுவிலயே வெட்டும்.

---

கண்டனூர்_டெர்மினல்

இவ்வளவு தலைவலிக்கு பைதான்லயே ரீ எஸ்கேப் (சிறப்புக் குறிக்கெல்லாம் தானா பேக்ஸ்லாஷ் போடுற ஃபங்ஷன்) போட்டு முடிச்சிடலாமே?

---

பள்ளத்தூர்_பைதான்

முடிக்கலாம், ஆனா இந்த வேலைக்கு ரெகெக்ஸே வேண்டியதில்லை. ஒரு சொல்லை இன்னொரு சொல்லா மாத்தணும்னா ஸ்டிரிங்கோட ரீபிளேஸ் போதும். அதுக்கு எந்தக் குறியும் சிறப்பு இல்லை. தேட மட்டும்னா கிரெப்போட மைனஸ் பெரிய எஃப். தேடுற சொல் ஹைஃபன்ல தொடங்கினா கிரெப் அதை ஆப்ஷன்னு எடுத்துக்கும், முன்னால மைனஸ் சின்ன ஈ போடுங்க. பெர்ல் பழகினவங்க பேக்ஸ்லாஷ் பெரிய கியூவுக்கும் பேக்ஸ்லாஷ் பெரிய ஈக்கும் நடுவில வேரியபிளை வைக்கலாம். விண்டோஸ் பவர்ஷெல்ல ஹைஃபனோட எழுதுற ரீபிளேஸ் ரெகெக்ஸ், புள்ளியோட கூப்பிடுற ரீபிளேஸ் நேரடி. முதலாவதுல மாற்றுப் பகுதியில டாலர் சிறப்பு, அதை `$$`னு எழுதணும். தேடல் பக்கத்து எஸ்கேப் ஃபங்ஷன் இதுக்கு உதவாது.

ரெகெக்ஸ் நிஜமாத் தேவைப்படுறது ஒரே காரணத்துக்கு. ஜோடிகளை ஒண்ணுக்குப் பின் ஒண்ணா ஓட்டினா, முந்தின வரி எழுதின புதுப் பெயரைப் பிந்தின வரி மறுபடி பிடிக்கும். `சிவப்பு` → `கருஞ்சிவப்பு`ன்னு ஒரு வரியும், பிறகு `கருஞ்சிவப்பு` → `அரக்கு`ன்னு ஒரு வரியும் இருந்தா கடைசியில எல்லாமே அரக்குதான். செட் ஸ்கிரிப்ட் ஃபைல்லயும் இந்தச் சிக்கல் அப்படியே உண்டு. இதுக்கு ஒரே நடையில மாத்தணும். பழைய பெயர்களை நீளம் இறங்கு வரிசையில அடுக்குங்க, ஒவ்வொண்ணுக்கும் ரீ எஸ்கேப், நெடுங்கோட்டால சேர்த்து ஒரே பேட்டர்ன். மாற்றா ஸ்டிரிங் கொடுக்காம, பொருந்தினதை டிக்‌ஷனரியில பார்த்துப் புதுப் பெயரைத் திருப்புற சின்ன ஃபங்ஷன் கொடுங்க. ஃபங்ஷன் திருப்புறது அப்படியே போய் உட்காரும், அதில பேக்ஸ்லாஷ் இருந்தாலும் யாரும் படிக்க மாட்டாங்க.

நீளம் இறங்கு வரிசை கட்டாயம். பைதான் 'அல்லது'ல இடமிருந்து முதல்ல பொருந்துறதை எடுத்துக்கும். `பூ டைல்` முன்னால இருந்தா `பூ டைல் பார்டர்`க்கு முறையே வராது. போசிக்ஸ் எஞ்சின் நீளமானதை எடுக்கும், அந்தப் பழக்கத்தில இங்கே வந்தா இடறும்.

ரீ எஸ்கேப்பை மாற்றுப் பகுதிக்குப் போடக் கூடாது. `8-8`ங்கிற புதுப் பெயர் பட்டியல்ல `8\-8`ன்னே அச்சாகும். பைதான் 3.7க்கு முந்தின பதிப்புல ரீ எஸ்கேப் தமிழ் எழுத்து ஒவ்வொண்ணுக்கும் முன்னால பேக்ஸ்லாஷ் போட்டுக் காட்டும். பார்க்கப் பயமா இருக்கும், பொருந்துறதுல வித்தியாசம் இல்லை. பேட்டர்னைக் கையால எழுதினா கோட்ஸுக்கு முன்னால ஆர் போட்டு ரா ஸ்டிரிங்கா எழுதுங்க. 3.12ல இருந்து ரா இல்லாம `"\."` எழுதினா சின்டாக்ஸ் எச்சரிக்கை வருது.

ஓட்டின பிறகு டிஃப் போட்டு மாறின வரிகளை மட்டும் ஒரு ஃபைலாக்குங்க. அதில விலைப் பத்தி மட்டும் தனியா கட் பண்ணி, பழையதையும் புதுசையும் இன்னொரு டிஃப். விலையைத் தொடுற ஜோடி எதுவும் இல்லைன்னா அது காலியாத்தான் வரணும். ஒரு வரி வந்தாலும் இன்னும் ஒரு 110 எங்கேயோ மாட்டியிருக்கு, எந்த ஜோடின்னு பார்த்துட்டு அப்புறம் மேல போங்க.